பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன், ஜெர்மன் மொழியும் பண்பாடும் மேலே படிக்க ஆசை. டெல்டாவில் இருந்து வழி உண்டா?

குத்தாலத்துப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மயிலாடுதுறையில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஊர் குத்தாலம் பக்கம், அப்பாவுக்கு விவசாயம். கொஞ்ச நாளாக ஆன்லைனில் ஜெர்மன் படித்து வருகிறேன். ஏ1, ஏ2, பி1, பி2, சி1 என்று மேலே போகும் மொழிப் படிகளில் ஏ1 முடித்துவிட்டேன், ஏ2 பாதியில் இருக்கிறது. சும்மா பார்ப்போமே என்று தொடங்கியது, இப்போது விட மனசில்லை. மொழி, இலக்கியம், அந்த நாட்டு வரலாறு, மக்கள் வாழ்க்கை எல்லாம் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் முறையாகப் படிக்க வேண்டும் என்று இருக்கிறது.

எங்கள் பக்கம் ஜெர்மன் என்றாலே நர்சிங் என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே நர்சிங் முடித்த அக்கா ஒருவர் பி2 எழுதக் காத்திருக்கிறார், அவரிடம் சொன்னால் "மொழியை மட்டும் படிச்சு என்னடி பண்ணப்போறே" என்கிறார். பெரியப்பா பி.எட். போகச் சொல்கிறார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, "விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அந்தப் படிப்பில் உண்மையில் என்ன சொல்லித்தருவார்கள்? ஆங்கில பி.ஏ.வை வைத்துக்கொண்டு எம்.ஏ. போக முடியுமா, இல்லை மறுபடி முதலில் இருந்தா? ஜெர்மனிக்கே போக வேண்டுமா, இந்தியாவிலேயே நல்ல இடம் இருக்கிறதா? செலவு எவ்வளவு? தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.


கும்பகோணம்_ஜெர்மன்_டீச்சர் எழுதியது:

வாம்மா. நான் ஆன்லைனில் ஜெர்மன் எடுக்கிறேன், என்னிடம் வருவதில் முக்கால்வாசிப் பேர் நர்சிங் பிள்ளைகள்தான், அதனால் உன் தெரு அக்கா சொல்வது எனக்கு நன்றாகப் புரிகிறது. அவர்கள் படிக்கும் ஜெர்மன் வேறு, நீ கேட்கும் ஜெர்மன் வேறு. நோயாளியிடம் பேச, டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ள, ஷிப்ட் மாறும்போது அடுத்த ஆளிடம் விவரம் சொல்ல பி2 போதும். பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் வழியில் படிக்க அநேகமாக எல்லா இடத்திலும் சி1 அளவு கேட்பார்கள், டெஸ்ட்டாஃப் என்ற தேர்வில் நான்கு பகுதியிலும் 4ஆம் நிலை வாங்க வேண்டும், அல்லது டிஎஸ்ஹெச் என்ற மொழித் தேர்வில் 2ஆம் நிலை. ஒரு மணி நேர விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதில் உனக்கு எங்கே உடன்பாடு இல்லை என்று ஜெர்மனிலேயே எழுதத் தெரிய வேண்டும். பி1ல் இருந்து அங்கே போய்ச் சேருவதுதான் இருப்பதிலேயே நீளமான தூரம், ஏ1, ஏ2 முடித்த வேகத்தை வைத்து அதைக் கணக்குப் போடாதே.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை வகுப்புகளில் யாரும் சொல்வதே இல்லை, ஏனென்றால் எல்லோரும் ஆங்கிலம் வழியாகத்தான் ஜெர்மன் சொல்லித்தருகிறார்கள். வேற்றுமை என்று வந்ததும் பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். நமக்கு என்ன பயம்? எட்டு வேற்றுமை படித்து வளர்ந்தவர்கள் நாம், ஜெர்மனில் இருப்பது நான்கு. 'நண்பனை', 'நண்பனுக்கு' என்று நாம் சொல்லின் கடைசியில் காட்டுவதை அவர்கள் 'டென் ஃப்ராய்ண்ட்', 'டேம் ஃப்ராய்ண்ட்' என்று முன்னால் வரும் சின்னச் சொல்லில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதையும் எடுத்துக்கொள். 'மழை பெய்திருப்பதால்' என்பதற்கு 'வைல் எஸ் கெரேக்னெட் ஹாட்'. பெய்து என்பது முன்னால், இருக்கிறது என்பது கடைசியில், நம் வரிசையேதான். ஆங்கிலத்தில் யோசித்து எழுதும் பிள்ளைகள் இதில் தடுக்கி விழுவார்கள், தமிழில் யோசிக்கச் சொன்னால் அடுத்த வாரமே சரியாக எழுதுகிறார்கள். கஷ்டம் எங்கே என்றால் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணை மாதிரி ஒரு பால் இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் காரணம் தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்து மனப்பாடம்தான். அதை ஏ2விலேயே சரியாகச் செய்துவிடு, பி2வில் போய்த் திருத்துவது பெரும்பாடு.

இந்தியாவில் இடம் கேட்டாய். ஹைதராபாத் இஃப்ளு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லி ஜேஎன்யு (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இரண்டிலும் பி.ஏ. ஆனர்ஸ் ஜெர்மன் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகம், புனே பல்கலைக்கழகம் இரண்டிலும் ஜெர்மன் படிப்பு உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மிகக் குறைவு, விடுதியும் கிடைத்தால் வீட்டுக்குப் பெரிய சுமை இல்லை. சென்னையில் ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பான கதே நிலையம், அதாவது மேக்ஸ் முல்லர் பவன், நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது, தேர்வுகளை அங்கே எழுதலாம். பி1ல் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கையும் தனித்தனியாகவும் எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 எடுக்க வேண்டும். கேட்டல் பகுதிதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடிக்கும். தினமும் ஜெர்மன் வானொலிச் செய்தி கேள், புரியாவிட்டாலும் கேள்.


மன்னார்குடி_வரப்பு எழுதியது:

தங்கச்சி, நான் ஜெர்மன் படித்தவன் இல்லை, ஆனால் என் அண்ணன் மகனை எம்.எஸ். படிக்க அங்கே அனுப்பியதில் காகித வேலை பூராவும் நான்தான் பார்த்தேன். அப்பாவிடம் பேச உனக்குக் கணக்கு வேண்டும் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

முதலில் ஏபிஎஸ் சான்றிதழ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் இருந்து இது கட்டாயம், உன் மதிப்பெண் பட்டியல் எல்லாம் உண்மையா என்று பார்த்துக் கொடுப்பார்கள், 18,000 ரூபாய். அது கைக்கு வர நாளாகும், அதனால் கடைசி நேரத்தில் ஓடாதே. அப்புறம் பிளாக்ட் அக்கவுண்ட். ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ வங்கியில் போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் இருந்து இந்தத் தொகை. நம் காசுக்கு 11, 12 லட்சம் வரும். இது கட்டணம் இல்லை, அங்கே போனதும் மாதம் 992 யூரோ வீதம் உன் செலவுக்கே திரும்ப வரும், ஆனால் முதலில் மொத்தமாகப் புரட்டியாக வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் மலை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் போதும், பல ஊர்களில் அதிலேயே பஸ், ரயில் பயணமும் அடங்கிவிடும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பார்த்துக்கொள், ஹைடல்பெர்க், ஃப்ரைபுர்க், ட்யூபிங்கன் எல்லாம் அங்கேதான், நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். வேலை செய்ய வருடத்துக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு.

மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தை அடமானம் வைத்து இந்தப் படிப்புக்குப் போகாதே. இன்ஜினியரிங் படித்தவன் அங்கேயே வேலை வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் கடனை அடைத்துவிடுவான், இலக்கியம் படித்த பிள்ளைக்கு அந்த வேகம் வராது. மேட்டூரில் தண்ணீர் திறக்கத் தள்ளிப்போனால் குறுவையே போய்விடுகிற ஊர் நம்முடையது, அப்பாவின் வருமானத்தை நம்பித் தவணை கட்ட முடியாது. இங்கேயே எம்.ஏ. படி, உதவித்தொகை கிடைத்தால் போ. ஏஜென்ட் யாராவது "ஜெர்மன் இலக்கியம் ஆங்கில வழியிலேயே படிக்கலாம், மொழித் தேர்வே வேண்டாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடு.


ஹாலேயில்_ஒரு_தஞ்சாவூர்க்காரன் எழுதியது:

நான் ஹைதராபாத்தில் பி.ஏ. ஜெர்மன் முடித்துவிட்டு இப்போது ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் எம்.ஏ. படிக்கிறேன். மன்னார்குடி அண்ணன் சொன்ன பணக் கணக்கு சரி, கடன் வேண்டாம் என்பதும் சரி. ஆனால் இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்பதில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, அதுவும் டெல்டாப் பிள்ளைக்கு.

முதலில் என்ன சொல்லித்தருவார்கள் என்ற கேள்விக்கு. கெர்மானிஸ்டிக் என்பதுதான் படிப்பின் பெயர், அது பொதுவாக மூன்று கிளை. நவீன இலக்கியம் ஒன்று, மொழியியல் ஒன்று, இடைக்கால ஜெர்மன் ஒன்று. இந்த மூன்றாவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். 1200ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய காவியங்களை அந்தக் கால மொழியிலேயே வாசிக்க வேண்டும், இன்றைய ஜெர்மானியப் பிள்ளைகளுக்கே அது அகராதி இல்லாமல் ஓடாது, நமக்குச் சங்கப் பாட்டு மாதிரி. வகுப்பில் பேராசிரியர் பேசுவது பாதி, செமினாரில் நாம் எழுந்து அரை மணி நேரம் பேசுவது மீதி, விடுமுறை என்று பெயர் வைத்திருக்கும் மாதங்களில் ஒவ்வொரு பாடத்துக்கும் 15, 20 பக்கம் ஆய்வுக்கட்டுரை. நம் ஊரில் நோட்ஸ் படித்து எழுதிப் பழகியவர்களுக்கு முதல் செமஸ்டர் திணறும். ஆசிரியர் சொன்னதையே திருப்பி எழுதினால் மதிப்பெண் வராது.

ஆங்கில பி.ஏ. வைத்துக்கொண்டு கெர்மானிஸ்டிக் எம்.ஏ.வில் நேரடியாகச் சேருவது கஷ்டம், ஜெர்மன் பாடங்களில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று கேட்பார்கள். வேறு இரண்டு வாசல் இருக்கிறது. ஜெர்மனை அயல்மொழியாகக் கற்பிக்கும் படிப்பு, சுருக்கமாக டாஃப் என்பார்கள், லைப்சிக்கில் ஹெர்டர் நிலையம் அதற்குப் பேர்போனது. பைரோய்ட், கோட்டிங்கன் இரண்டிலும் பண்பாடுகளுக்கு இடையிலான கெர்மானிஸ்டிக் என்றே தனியாக எம்.ஏ. உண்டு, வெளிநாட்டில் இருந்து வருபவர்களை மனதில் வைத்து நடத்துவது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதி மாறும், உன் மதிப்பெண் பட்டியலை இணைத்து நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேள், பதில் போடுவார்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ஹாலே என்ற ஊர்ப் பெயரை நீ கேள்விப்பட்டிருக்காமல் இருக்க முடியாது, தரங்கம்பாடிக்கு 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்குவை வழிநடத்தியது இந்த ஊர்தான். கோட்டை டேனிஷ்காரர்களுடையது, பாதிரிமார்கள் ஜெர்மானியர்கள். இங்கே ஃப்ராங்கே அறநிலையம் என்று ஒரு பெரிய வளாகம் இருக்கிறது, அதன் காப்பகத்தில் தரங்கம்பாடியில் இருந்து வந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், தமிழ் ஓலைச்சுவடிகள் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நம் ஊரில் அப்போது என்ன விளைந்தது, பஞ்சம் எப்போது வந்தது, எந்தக் கோயிலில் என்ன திருவிழா, தஞ்சாவூர் ராஜாவுக்கும் டேனிஷ் கவர்னருக்கும் என்ன தகராறு, எல்லாம் ஜெர்மனில். 1710ல் இருந்து இந்தக் கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டும் வெளியிட்டார்கள். அதிலேயே 99 கடிதங்கள் தமிழர்கள் எழுதியவை. பாதிரிமார்கள் கேள்வி அனுப்பி, நம் ஆட்கள் கல்யாணம், சாதி, விவசாயம், சாமி என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய தமிழ் நம் கையில் இல்லை, ஜெர்மன் பெயர்ப்புதான் மிஞ்சியது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் நம் தாத்தாக்கள் சொன்ன பதிலை நாம் வாசிக்க வேண்டுமானால் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்!

சும்மா தெரிந்தாலும் போதாது, பண்பாடும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மதம் மாற்ற வந்தவர்கள், தங்கள் நாட்டில் பணம் கொடுப்பவர்களுக்காக எழுதியது, அதை அப்படியே நம்ப முடியாது. ஹாலேயில் அச்சிடும் முன் திருத்தி, வெட்டி வெளியிட்டிருக்கிறார்கள், கையெழுத்துப் பிரதியையும் அச்சையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். இவர்கள் சேர்ந்திருந்த பியட்டிஸ்ட் என்ற அந்தக் காலக் கிறித்தவப் பக்தி இயக்கம் எப்படிப் பேசும், எதைப் பார்த்தால் முகம் சுளிக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு வரியில் எவ்வளவு நம் ஊர், எவ்வளவு அவர் மனசு என்று பிரிக்க முடியும். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று சீகன்பால்கு 1713ல் எழுதி அனுப்பியது 150 வருடத்துக்கு மேல் அச்சேறவே இல்லை, 1867ல்தான் சென்னையில் புத்தகமாக வந்தது. ஏன் அத்தனை காலம் கிடப்பில் கிடந்தது என்பதையே ஒரு செமினாரில் உட்கார்ந்து பேசலாம்.

கையெழுத்து தனிக் கதை. கூரென்ட் என்ற பழைய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதில் 'ஏ' (e) என்ற எழுத்தும் 'என்' (n) என்ற எழுத்தும் பார்க்க ஒரே மாதிரி இரண்டு கோடு, 'ஊ' (u) எழுத்தையும் அவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு போட்டிருப்பார்கள். இன்றைய ஜெர்மானியர்களில் மிகச் சிலருக்குத்தான் இதை வாசிக்கத் தெரியும், பல்கலைக்கழகத்தில் இதற்கென்று பயிற்சி வகுப்பு நடக்கிறது. அந்த வகுப்பில் ஒரு கடிதத்தை வைத்து எல்லோரும் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நின்றார்கள், எனக்கு உடனே தெரிந்துவிட்டது, அது பொறையாறு. காதில் விழுந்தபடி ஜெர்மன் எழுத்தில் எழுதியிருந்தார்கள். தஞ்சாவூரை 'டான்ஷாவுர்' என்று எழுதியிருப்பார்கள், தமிழரையும் தமிழையும் 'மலபார்' என்பார்கள். ஊர்ப் பெயர், பயிர்ப் பெயர், உறவுமுறைப் பெயர் எல்லாம் அப்படித்தான். இதை ஜெர்மானிய அறிஞர் அகராதி வைத்துத் தேடுவார், உனக்கு வாசிக்கும்போதே காதில் விழும். தமிழும் பழைய ஜெர்மனும் இரண்டும் சரளமாக வாசிக்கிறவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான், அதில் டெல்டாவில் பிறந்தவர்கள் இன்னும் கொஞ்சம்.


பொறையார்க்காரன் எழுதியது:

எங்கள் ஊர்ப் பெயர் ஜெர்மன் கடிதத்தில் இருப்பது சந்தோஷம். 1716 வாக்கில் இங்கே காகித ஆலையே நடத்தினார்கள், தரங்கம்பாடி அச்சகத்துக்குக் காகிதம் போதவில்லை என்று. 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானது அங்கேதான். தங்கச்சி, குத்தாலத்தில் இருந்து தரங்கம்பாடி பக்கம்தானே, சீகன்பால்கு வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அப்படியே 1718ல் கட்டிய புதிய எருசலேம் கோயிலையும் பார்த்துவிடுங்கள், சீகன்பால்கு கல்லறை உள்ளேதான். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலில் சுவார்ட்ஸ் பாதிரியாருக்கு சரபோஜி மன்னர் வைத்த பளிங்குச் சிற்பமும் இருக்கிறது, அவரும் ஜெர்மானியர்தான். நாம் சின்ன வயசில் இருந்து தாண்டிப் போகும் இடங்கள், உள்ளே போய்ப் படித்துப் பார்த்தவர்கள் குறைவு.


குத்தாலத்துப்பெண் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்துவிட்டு அப்பாவுக்கும் படித்துக்காட்டினேன். 11 லட்சம் என்றதும் முகம் மாறியது, அப்புறம் நம் ஊர்க் கடிதம் பற்றி வந்ததும் "இதெல்லாம் அங்கேயா இருக்கு" என்று திரும்பப் படிக்கச் சொன்னார். ஹாலே அண்ணா, ஒரு சந்தேகம். இந்தக் காப்பக வேலை எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் சம்பளம் உண்டா? எனக்குக் கல்யாணம், வீடு என்று எல்லாம் இருக்கிறது, தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான், அவன் செலவும் இருக்கிறது.


ஹாலேயில்_ஒரு_தஞ்சாவூர்க்காரன் எழுதியது:

நியாயமான கேள்வி. காப்பக வேலையை மட்டும் நம்பி இறங்காதே, ஆய்வு உதவித்தொகை வந்தால் வரும், வராமலும் போகும். சோறு போடுவது மொழிதான். ஜெர்மன் சொல்லித்தர நல்ல ஆசிரியர்களுக்கு இப்போது தமிழ்நாடு முழுக்கத் தேவை இருக்கிறது, நர்சிங் பிள்ளைகள் இத்தனை பேர் போவதே அதற்குக் காரணம், சி1 முடித்தவர்கள் கிடைக்காமல் பி2 முடித்தவர்களே வகுப்பு எடுக்கிறார்கள். சென்னையில் ஜெர்மன் கம்பெனிகளுக்கும் மொழி தெரிந்தவர்கள் வேண்டும், மொழிபெயர்ப்பு வேலையும் உண்டு. அதில் கால் ஊன்றிக்கொண்டு ஆய்வைச் செய்.

உன் இடத்தில் நான் இருந்தால் பி.ஏ.வை விடாமல் முடிப்பேன், மூன்றாம் வருடம் முடிவதற்குள் பி1, அடுத்த வருடத்துக்குள் பி2. பட்டம் கையில் இருந்தால் ஜெர்மனியிலேயே பி.ஏ.வுக்கும் விண்ணப்பிக்கலாம், முன்தயாரிப்பு வருடம் பெரும்பாலும் தேவைப்படாது, ஆனால் பணத்தைப் பார்க்கும்போது ஹைதராபாத்தோ டெல்லியோதான் முதலில் முயற்சி செய்ய வேண்டியது. அங்கே சேர்ந்துவிட்டால் பேராசிரியர்கள் மூலமாக டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களோடு மாணவர் பரிமாற்றமும் வரும்.


கும்பகோணம்_ஜெர்மன்_டீச்சர் எழுதியது:

தம்பி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். பி2 முடித்துவிட்டு வகுப்பு எடுக்கிறார்கள் என்பது உண்மை, அதனால் பிள்ளைகள் தப்பான உச்சரிப்போடு வந்து என்னிடம் அழுகிறார்கள். நீ சி1 வரை போ, அதற்கு முன்னால் யாராவது வகுப்பெடுக்கக் கூப்பிட்டால் போகாதே. ஏ2 பாதியில் இருக்கிறது என்றாயே, உனக்கு நேரம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை என் வகுப்பில் உட்கார், பணம் வேண்டாம். அப்பாவிடம் கேட்டுவிட்டுத் தனிச்செய்தி அனுப்பு.


குத்தாலத்துப்பெண் எழுதியது:

அப்பா சரி என்றுவிட்டார் மேடம், செய்தி அனுப்பியிருக்கிறேன். மன்னார்குடி அண்ணா, நிலத்தைத் தொட மாட்டோம் என்று அவரே சொல்லச் சொன்னார்.